மூன்று மாத வேலை

ஜூலை 9, வியாழன். இரவு.

மகள் யாழினிக்கு நாளை வரலாற்றுச் சோதனை. இரண்டாம் உலகப் போர். மாலையில் சத்தமாக ஒப்பித்தாள். ஜப்பானுக்கு எண்ணெயும் ரப்பரும் வேண்டியிருந்தன, அதனால் மலாயாவைப் பிடித்தது. பர்மாவில் போரிடும் படைக்குச் சாமான் அனுப்ப சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட்டது. அதற்கு இங்குள்ள ரப்பர் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப்போனது.

"ஏம்மா போனாங்க?" என்றாள்.

"மூணு மாச வேலை, நல்ல சம்பளம்னு சொன்னாங்கம்மா. லாபு தோட்டத்திலிருந்து அப்பாவோட பூட்டனும் போனாரு. திரும்பல."

பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தன் அப்பாவை அவள் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கும் மூணு மாசம்தானே சொன்னாங்க?"

அவர் சிரித்தார். "அது சண்டைக் காலம்லா, கண்ணு. இது கம்ப்யூட்டர் வேலை. ஏசி ரூம்."

சுங்கை காடுட்டில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஐந்து மாதமாகிறது. இந்த வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் முழுப்பெயர்கூட அவருக்குத் தெரியாது. தாய்லாந்து எல்லையில் எந்த ஊர் என்று கேட்டால், "போனதும் சொல்வாங்க" என்கிறார். அப்படிப் போனவர்களை அடைத்துவைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்லி அடிப்பதாகப் பேப்பரில் வந்ததைக் காட்டினேன். அழுதேன்.

"வேற வழி இருந்தா நீ சொல்லு," என்றார்.

பேப்பரை மடித்து வைத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வருகிறதாம். "நாலு மணிக்கே சோறு கட்டி வச்சிரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

அவருடைய பாஸ்போர்ட்டை அரிசி டின்னின் அடியில் புதைத்திருக்கிறேன். எழுந்ததும் தேடுவார். கத்துவார். ஆண்டவரே, கத்தட்டும். நாளைக்கு இந்த வீட்டில் நான் உலை வைக்கப்போவதில்லை.