ஒட்டி அனுப்பிய நன்றிகள்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இதனுடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பெற்றோர் கையெழுத்து என்று இருக்கும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பார்மசி படிப்பை விட்டுவிடுகிறேன்.

மருந்தியல் தேர்வு இரண்டாவது முறையும் போய்விட்டது. பாஸாக நாற்பது வேண்டும். எனக்கு முப்பத்தொன்று. கோபத்தில் எழுதவில்லை, பத்து நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். காலையில் படித்த மருந்துப் பெயர்கள் மதியச் சாப்பாட்டோடு செரித்துப் போகின்றன. ஏப்ரலில் இன்னொரு மறுதேர்வு இருக்கிறது. அதையும் எழுதி ஒரு முறை அசிங்கப்பட வேண்டுமா?

மனம் தளர்ந்தவர்களை எல்லாம் எங்கள் ஆசிரியை கூப்பிட்டு ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். தினமும் மூன்று நன்றி எழுத வேண்டுமாம், எழுதினால் படிக்கத் தெம்பு வருமாம். என் நோட்டில் ஐந்து நாளாகத் தேதி மட்டும்தான் இருக்கிறது.

போனில் சொன்னால் சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

மகள்

*

மார்ச் 9

என் மருந்தம்மாவுக்கு, அப்பா பெயிண்டர் எழுதிக்கொள்வது.

நான், உன் அம்மா, மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட பூனை, எல்லாரும் சுகம். நீ சுகமில்லை என்று படிவம் சொல்லியது. பிழை இருந்தால் என் நாலாம் வகுப்பு வாத்தியாரைத் திட்டு. அவரைத் தாண்டி நான் போகவில்லை.

படிவத்தை அம்மா மூன்று தரம் படித்தாள், மூன்று தரம் மூக்கைச் சிந்தினாள். பிறகு வீட்டில் இருக்கிற பேனாவையெல்லாம் எடுத்து மிக்ஸி ஜாருக்குள் போட்டு மூடிவிட்டாள். "எதுல கையெழுத்துப் போடுறீங்கன்னு பாக்குறேன்" என்கிறாள். நல்லவேளை, நான் சட்னி அரைக்கிற ஆள் இல்லை. இந்தக் கடிதத்தைக் கீழ்வீட்டுக்காரரிடம் பேனா வாங்கி எழுதுகிறேன்.

நான் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் பூச்சு காயாமல் அடுத்த பூச்சு அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு மாதம் காயட்டும். அதுவரை நீ எனக்கு மூன்று நன்றி எழுது, நான் உனக்கு மூன்று. மாதம் முடிந்தும் நீ வேண்டாம் என்றால் கையெழுத்து என்ன, கைநாட்டும் சேர்த்து வைத்து அனுப்புகிறேன்.

எனக்கு நன்றியெல்லாம் எழுத வராது. ஒட்டத்தான் வரும். ஆகவே,

இந்த நீலத் துண்டு, கலர் அட்டையில் வெட்டியது. நாலு மாடிக்கும் இதே நீலம் அடிக்கச் சொன்ன கட்டடக்காரருக்கு நன்றி. சட்டை கறைபட்டால் தெரியவே தெரியாது.

இது பஸ் டிக்கெட். எனக்கு எழுந்து இடம் விட்ட பெண்ணுக்கு நன்றி. "உக்காருங்க தாத்தா" என்றதற்கு நன்றி கிடையாது.

இந்த வெள்ளை முடி உன் அம்மாவுடையது. முழுக்க முழுக்க என்னால் வந்ததாம். இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்து நரைத்திருக்கிறாளே, அதற்கு.

இப்படிக்கு,
கையெழுத்தை மட்டும் கடனாக வைத்திருக்கும்
அப்பா

*

மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முடியைக் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கினீர்களா? பாவம்.

சரி, என் பங்கு. முதல் நன்றி அறை மின்விசிறிக்கு. அதற்கு என் மதிப்பெண் தெரியாது. இரண்டாவது, என் அறைத்தோழி கண்ணாடிக்காரிக்கு. பல் விளக்கிக்கொண்டே ஒரு மருந்துப் பெயரைச் சொல்லி "பக்க விளைவு சொல்லு!" என்று வாய் நிறைய நுரையோடு மிரட்டுகிறாள். பதில் சொல்லாவிட்டால் துப்பாமலே நிற்பாள். பயத்தில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். நேற்று ஆய்வகத்தில் எமல்ஷன் செய்ய வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பால் மாதிரி ஆக்குகிற வேலை. எனக்கு அது பிரிந்து பிரிந்து போனது. எல்லாரும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்கா வந்து, நான் அரைக்கிற கல்வத்தைக் கழுவித் துடைத்து முன்னால் வைத்தார். "சொட்டுச் சொட்டா விடும்மா. நான் வாளி கழுவி முடிக்கிற வரைக்கும் பூட்ட மாட்டேன்" என்றார். அவரிடம் இருந்தது இரண்டே வாளி. இரண்டையும் நாலு தரம் கழுவினார். எனக்குச் சரியாக வந்துவிட்டது.

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் படிவம் படிவம்தான்.

மகள்

*

மார்ச் 22

எமல்ஷன் அரைக்கும் என் மகளுக்கு,

ஏம்மா, எமல்ஷன் என் தொழில் இல்லையா? அதற்குப் போய் இவ்வளவு படிப்பா? வாளியில் ஊற்றி, கம்பை விட்டுக் கலக்கி, நெட்டையை ஒரு வாய் திட்டினால் கலந்துவிடும். நெட்டை யாரென்று மறந்திருப்பாய். என்னோடு சாரத்தில் நின்று பெயிண்ட் அடிக்கிறானே, ஆறடி ஆள், ஏணியே வேண்டாம் என்று கிண்டல் செய்வேனே, அவன்.

இந்த வார நன்றிகளைக் கோந்து தாராளமாகப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

இது என் செருப்பு வார். பத்து நாளாகச் செருப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன், அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வாரை அறுத்துவிட்டேன். கால் இப்போது மூச்சு விடுகிறது. அறுத்த கத்திக்கு நன்றி.

இவை இரண்டும் காலி மாத்திரை அட்டை. என் ரத்தக் கொதிப்புக்கு நம் தெரு டாக்டர் கொடுத்தது வெள்ளை மாத்திரை. புது வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டாக்டர் போன மாதம் கொடுத்தது இளமஞ்சள். கலர் பார்த்துச் சாப்பிடுகிற ஆள் நான், ஏமாற மாட்டேன். வெள்ளை காலையில், மஞ்சள் மதியம். இரண்டு டாக்டர்களையும் மதிக்க வேண்டுமல்லவா? இருவருக்கும் ஆளுக்குப் பாதி நன்றி.

கடைசியில் ஒட்டியிருக்கும் பொத்தான் என் சட்டையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடியில் நிற்கும்போது கட்டடம் ஒரு சுற்றுச் சுற்றியது. நெட்டை எட்டிச் சட்டையைப் பிடித்தான். ஆள் நின்றேன், பொத்தான் அவன் கையோடு போய்விட்டது. நீள்கை கொடுத்துப் பெற்ற அவன் அம்மாவுக்கு நன்றி. உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா

*

மார்ச் 25, விரைவுத் தபால்

அப்பா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

காலையிலிருந்து ஏழு முறை போன் அடித்தேன். கடைசியில் எடுத்துவிட்டு, "பொண்ணு பரீட்சைக்கு என்னை வெச்சுப் படிக்கிறா" என்று அம்மாவிடம் சிரித்தீர்களாம். அதனால் எழுத்தில் தருகிறேன். டாக்டரிடம் போகும் வரை சாரத்தில் ஏறக் கூடாது. அம்மா உங்கள் பிரஷ், ரோலர் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், தேட வேண்டாம்.

நீங்கள் ஒட்டிய அட்டைகளைத் தண்ணீரில் நனைத்து உரித்துப் பின்பக்கம் படித்தேன். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது வேறு வேறு. அதற்குக் கீழே எறும்பு மாதிரிச் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு. நிறம் மேல்பூச்சு, அப்பா. நீங்கள் ஒரே சுவருக்கு இரண்டு கலர் அடிப்பதில்லையா? மாத்திரைக்கும் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

ஒரு மாதமாக இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள். கட்டடம் சுற்றாது. செருப்பும் சுருங்காது. தலை சுற்றும், கால் வீங்கும்.

நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இரண்டு அட்டைகளையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். எதை விட வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

இந்த மருந்து என் தேர்வில் வந்தது. பக்க விளைவு நான்கு எழுதுக என்றார்கள். மூன்றுதான் எழுதினேன். விட்டுப்போனது கால் வீக்கம்.

 இத்துடன் நிறுத்துகிறேன்.

மகள்

*

ஏப்ரல் 9

என் மகளுக்கு,

செருப்புக் கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மறுபடியும் மேலும் கீழும் பார்த்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் அம்மா என்னைத் தெரு டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு நேரம் என் கையை விடாமல் பிடித்திருந்தது இதுதான் முதல் தடவை. டாக்டர் உன் கடிதத்தை வாங்கினார், படித்தார், அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு டாக்டர்கிட்டப் போனீங்கன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்களோன்னுதான் டாக்டர்."

"இதை எழுதினது யாரு? பார்மசிஸ்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "படிச்சுக்கிட்டு இருக்கா. விடப்போறா" என்றேன். அவர் மஞ்சளை நிறுத்தச் சொன்னார். வாரம் ஒரு முறை வந்து அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் கால் வற்றிவிட்டது. தலை அதன் இடத்தில் நிற்கிறது.

விளையாட்டாகவே எழுதி எழுதிப் பழகிவிட்டேன். ஒன்றை மட்டும் நிஜமாக எழுதுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கீழே பார்த்தபோது தரை என்னைக் கூப்பிட்டது போல இருந்தது. பயந்துவிட்டேன். பயத்தை மறைக்கத்தான் பொத்தானை ஒட்டினேன்.

மாதம் முடிந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். "பார்த்தாயா, நீ எவ்வளவு கெட்டிக்காரி, படிப்பை விடாதே" என்று இந்தச் சமயத்தில் நான் சொன்னால் அது உன்னை மடக்குகிற வேலை. என் கால் வீங்கியதற்காக நீ வருஷக்கணக்காகக் கஷ்டப்பட வேண்டாம். உனக்கே வேண்டும் என்றால் படி. வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, பஸ் நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

கையெழுத்துப் போட்டதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. வேண்டியதைப் பூனையிடம் சொல்கிறாள், நான் செய்கிறேன்.

அப்பா

*

ஏப்ரல் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவின் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். பூனைக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

நேற்று மறுதேர்வு எழுதினேன். பாதியைத் தெரிந்து எழுதினேன், பாதியைத் தைரியமாக எழுதினேன். முடிவு வர மூன்று வாரம் ஆகும். போனால் அடுத்த முறையும் எழுதுவேன்.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் கையெழுத்து வந்த அன்றே படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நீங்கள் அப்படி எழுதியபின் எனக்கு நெஞ்சில் பாரமே இல்லை. கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். கண்ணாடிக்காரி துணைக்கு வந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். அழுது தொலைக்கக் கூடாதே என்று, பொழுதுபோக்காக, "ஏதாவது ஒரு மருந்து கேளுடி" என்றேன். அவள் கேட்டாள். சொன்னேன். இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னேன், அதை எதனோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தப்பு என்றாள். நான் சரி என்றேன். நடு வரிசையில் புத்தகத்தைப் பிரித்துச் சண்டை போட்டோம். நான் சொன்னதுதான் சரி.

அதற்குள் என் முறை வந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, குடுக்கப் போறீங்களா இல்லையா?" என்றார்.

"ஒரு நிமிஷம், இவ இன்னும் ஒண்ணு கேட்டிருக்கா. நீங்க போங்க" என்று அவருக்கு வழி விட்டேன். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் விட்டேன். விட்டு விட்டு வரிசையின் கடைசிக்கு வந்தேன் அப்பா. அங்கிருந்து வகுப்பு பக்கத்தில்தான்.

உங்கள் மகள்