அண்ணி போட்ட வரிசை

என் அருமை சுகந்தி அண்ணிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

அண்ணாவைக் கட்டிக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த நீங்கள், என்னையும் இழுத்துப் போய் உங்கள் அலுவலகத்திலேயே சேர்த்துவிட்டீர்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே படகில் வேலைக்குப் போய், வீடு திரும்பியும் தரவு மையத்தைப் பற்றியே சண்டை போட்டோம். "உங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கிடையாதா?" என்று அண்ணா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, கணக்குப் போட்டு உண்டாக்கிய சில உபரித் துண்டுகளையும் சேர்த்து, வெவ்வேறு இயந்திரங்களில் வைப்பது நம் வேலை. சில துண்டுகள் போனாலும் மிச்சத்தைக் கொண்டு மீட்டுவிடலாம். ஆனால் மீட்கும் வேலை மும்முரமானால், கோப்பைக் கேட்டு வருகிறவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். எது முதலில் பழுதானதோ அதை முதலில் மீட்பது பழைய முறை. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு துண்டு போனால் பிழைக்காது என்ற நிலையில் இருக்கும் கோப்புதான் முதலில். மற்றவை, ஆட்கள் கேட்பது ஓயும்போது மெதுவாக. நம் தலைவர் ஜோஸ் சேட்டன், "சுகந்தி, இது ரிஸ்காணு" என்று சொல்லியே தள்ளிப்போட்டார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அந்த வரிசைக்கான நிரலைத் திருத்திக்கொண்டிருந்தீர்களே, வலிக்கவில்லையா அண்ணி?

நீங்கள் போன பிறகு நான் அதை முடித்தேன். ஜோஸ் சேட்டன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். துக்கத்தில்தான் சம்மதித்தாரோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோய், நம் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் அவற்றில் இருந்தன. டாக்டர்கள் படம் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

"மோளே, ஆஸ்பத்திரிக்காரங்களை நிறுத்தி வை. முதல்ல எல்லாத்தையும் மீட்கலாம்" என்றார் ஜோஸ் சேட்டன்.

"வேண்டாம் சேட்டா. அண்ணியோட வரிசையே ஓடட்டும்."

"ஒரு படம் போனாலும் நம்ம தல போகும், கேட்டோ?"

"போகாது. பாருங்க."

சொல்லிவிட்டேனே தவிர, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆபத்தில் இருந்த கோப்புகள் முதலில் மீண்டு வந்தன. அப்போது இன்னொரு இயந்திரமும் அணைந்தது. அதோடு அழிந்திருக்க வேண்டிய படங்கள் எல்லாம் அதற்குள் தப்பித்திருந்தன! பழைய முறையில் அவை வரிசையின் கடைசியில் நின்றிருக்கும். பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "இவிடெ எல்லாம் ஓக்கே. எந்தா பிரச்னம்?" என்று அவர்கள் என்னையே கேட்டார்கள்.

ஜோஸ் சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ இருந்திருந்தா இப்ப என்னை எத்தனை களியாக்கிச் சிரிச்சிருப்பா! இனி என்கிட்ட சண்டைக்கு வர ஆரு இருக்கா?"

அண்ணா நன்றாக இருக்கிறார். கப்பைக்கிழங்கு வேகவைக்கக் கற்றுக்கொண்டார். உப்புதான் அவ்வப்போது மறந்துவிடுகிறது. அன்று நடந்ததைச் சொன்னதும், பாதி புரியாமலே, "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டார். வேறு பேச்சே இல்லாமல் சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்த வாரம், துண்டுகளை இரண்டு ஊர்களில் பிரித்து வைப்பது பற்றிக் கூட்டம் இருக்கிறது. ஜோஸ் சேட்டனின் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன். அவர் பதில் சொல்லும்வரை விடமாட்டேன். இது சத்தியம், அண்ணி.

உங்களோடு சண்டை போட்டு ஆசை தீராத நாத்தனார்,
காயத்ரி