தெய்வாத்தாள் வேம்பில் கட்டிய தொட்டில்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேதான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இன்று மத்தியானம், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி பீரோ கைப்பிடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே ஹம்மாக்கைக் கட்டி ஏறிப் படுத்தாள். கைப்பிடி பிடுங்கிக்கொண்டது. நான் தரையில். பீரோ கதவு திறந்து, "பழசுங்க, எப்பவோ எடுத்தது" என்று நான் சாதித்துவந்த பட்டுச் சேலைகள் விலைச்சீட்டோடு என் மேல்.

ஓடிவந்த என் கணவர் மோகன்குமார் முதலில் போட்டோ எடுத்தார். அப்புறம் விலைச்சீட்டைப் படித்தார். அதற்கும் அப்புறம்தான், "அடி கிடி பட்டுருச்சா பத்மா?"

ஹம்மாக் என்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற துணி. காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் கொண்டுபோவது. மகள் பிரியா புனேயிலிருந்து என் பிறந்தநாளுக்கு அனுப்பியிருக்கிறாள். "ஒரு நாளாவது வேலை ஒண்ணும் செய்யாம படும்மா" என்றாள். கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மரம் என்று இருப்பது கறிவேப்பிலை. அதுவும் தொட்டியில்.

5 பிப்ரவரி, புதன்

இடுப்புக்குத் தைலம். காரமடைப் பக்கம் அண்ணன் தோட்டத்தில் மரம் இருக்கிறது. அண்ணன் மனைவி நங்கையாவும் இருக்கிறார். யோசிக்க வேண்டும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

போய்விட்டேன்.

அண்ணன் அங்கப்பன், "தென்னைக்கு நடுவுல கட்டிக்க" என்றான். அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே முற்றிய குலை. எங்களுக்குள் சொத்துத் தகராறு ஒன்றும் இல்லையே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பாக்கு மரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், அது என் எடையைக் கேள்விப்பட்ட மாதிரி இப்போதே வளைகிறது. மிச்சம் இருந்தவை மோட்டார் ரூமுக்குப் பின்னால், இட்டேரி என்கிற வேலியோரப் பாதைப் பக்கமாக நிற்கும் இரண்டு வேம்பு. அவை அண்ணன் மனைவி தெய்வாத்தாளுடையவை. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்போம். அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது நங்கையா வேம்புக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. பரப்பியது நான்தான்.

கிணற்றில் மோட்டார் இறக்குகிற நைலான் கயிற்றால் கட்டிப் படுத்தேன். என்ன சொல்ல. காற்று. இலைக்கு நடுவே துண்டு துண்டாக வானம். அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்திருக்கிறதா? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

இறங்கி அவிழ்த்தால், கயிறு இருந்த இடத்தில் பட்டை அறுந்து உள்ளே ஈரமாகத் தெரிந்தது. நங்கையா வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பட்டை வழியாத்தான் அம்மணி அது சோறு திங்குது. உன்ற கழுத்துல கவுத்தைச் சுத்தி ஒருத்தி ஊஞ்சலாடுனா நீ சோறு திம்பியா?"

"தப்புதாங்க நங்கையா."

"அடுத்த வாரம் ஒருக்கா கட்டிப் பாரு. இன்னொரு கோடு உழுந்துச்சு, உன்ற தொட்டலைச் சுருட்டிட்டுப் போயிரோணும். அப்புறம் இந்த மரத்துப் பக்கம் வரப்படாது."

எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டும். பட்டுச் சேலை வேண்டும் என்பது மாதிரி இல்லை. நிஜமாகவே வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

என் கணவரின் மோட்டார் ரிப்பேர் கடையில் மோட்டார் தூக்க வைத்திருக்கும் பெல்ட் இரண்டைச் சுருட்டி வந்தேன். உள்ளங்கை அகலம். மரத்தைச் சுற்றிச் சாக்குத் துணி, அதற்கு மேல் பெல்ட். நானும் நங்கையாவும் தொரட்டிக் கோலால் மேலே காய்ந்த கிளைகளை ஆட்டிப் பார்த்து, உளுத்துப்போன ஒன்றைத் தள்ளிவிட்டோம். விறைப்பாக இழுத்துக் கட்டாமல், வாழைப்பழ வளைவில், தொங்கவிட்டு, தரையிலிருந்து முட்டி உயரத்தில். விழுந்தாலும் கௌரவமாக விழலாம்.

ஏறுவதற்கு முன்னால் எனக்குப் பதிலாக ஒரு யூரியா மூட்டையைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"ஒண்ணு பத்தாது" என்றார் நங்கையா.

அவிழ்த்தபோது கண்ணாடி போட்டு இரண்டு மரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோடு இல்லை. "ம்" என்றார். தெய்வாத்தாள் வாயிலிருந்து "ம்" வருவது பல்கலைக்கழகப் பட்டம். அந்தப் பெருமையில் மறுபடி கட்டி இன்னொரு தூக்கம் போட்டேன். கிளம்பும்போது அவிழ்க்கச் சோம்பல். அப்படியே விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

19 பிப்ரவரி, புதன்

நங்கையா போன்.

"ஏம்மணி, மரத்துகிட்ட என்ன வேண்டிக்கிட்டுப் போன?"

"நானா? ஒண்ணுமில்லீங்களே."

நடந்தது இதுதான். பக்கத்துத் தோட்டத்துப் பூவாத்தாள் இருட்டுகிற நேரத்தில் இட்டேரி வழியே வந்திருக்கிறாள். வேம்பில் தொட்டில் தொங்குகிறது. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் துணித் தொட்டில் கட்டுவது எங்கள் வழக்கம். கட்டியது யார்? கோயமுத்தூர்ப் பத்மாவதி. அவள் மகளுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். இவ்வளவு பெரிய தொட்டில் என்றால் ரெட்டைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். கணக்கு முடிந்தது. இப்போது அந்த மரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி மஞ்சள் தொட்டில்கள். வதந்தி பரப்புவதில் நான்தான் கெட்டிக்காரி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பூவாத்தாளிடம் ட்யூஷன் போக வேண்டும்.

பிரியாவிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். "நாங்களேதான்ம்மா தள்ளிப் போட்டிருக்கோம். சாமிகிட்ட அவசரப்பட வேண்டாம்னு சொல்லிரு."

23 பிப்ரவரி, ஞாயிறு

ஆணி. யாரோ ஒருத்தி தொட்டிலை மாட்ட ஆணியே அடித்திருக்கிறாள்.

நங்கையா மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவிழ்த்துவிடலாமே என்றேன். "சாமிக்குக் கட்டுனதை நான் எப்புடி அவுக்கறது?" என்றார். "ஒரு கோடுக்கே உன்னைய அத்தனை பேசுனேன். இப்ப இவங்ககிட்ட வாயத் தொறக்க முடியல பாரு."

எல்லாம் நான் கிழிச்ச கிழி. பேசாமல் என் தொட்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பெல்ட்டில் கை வைத்தேன். அப்போது இட்டேரியில் பூவாத்தாள், கூட இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் மஞ்சள் துணி. இன்னொருத்தி கையில் சுத்தியல்.

வேறு வழி தோன்றவில்லை. ஏறிப் படுத்துவிட்டேன்.

பூவாத்தாள் வாயில் கை வைத்தாள். "ஏனுங்க அம்மணி, வேண்டுதல் தொட்டல்ல போயி ஏறிப் படுக்கறீங்க?"

"வேண்டுதல் இல்லீங்க. இது எனக்குத்தானுங்க. மத்தியானம் படுத்துத் தூங்கறதுக்கு."

நல்லவேளை, அந்த நேரம் பார்த்துத் துணி ஆடியது. என் கால் இரண்டும் மேலே போக, தலை கீழே வர, ஒரு செருப்பு தனியாகப் போனது.

"தூங்கறதுக்குங்களா?" பூவாத்தாள் நிதானமாகக் கேட்டாள். "ஏனுங்க, கோயமுத்தூர்ல கட்டல் விக்கறதில்லீங்களா?"

முதலில் சிரித்தது நங்கையா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. அப்புறம் எல்லோரும். பூவாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, தெரியாமக் கட்டிப்போட்டேன்" என்று தன் தொட்டிலைத் தானே அவிழ்த்தாள். மற்றவர்களுடையதையும் மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதாகச் சொன்னாள். ஆணியை அண்ணன் குறடால் பிடுங்கினான்.

"அங்கயும் மரந்தான்" என்றார் நங்கையா. "ஆணி வேண்டாம். துணியில கட்டுங்க."

போகிற போக்கில் பூவாத்தாள் நின்றாள். "சித்த நானும் படுத்துப் பாக்கட்டுங்களா?"

2 மார்ச், ஞாயிறு

ஆணி அடித்த இடத்தில் சொட்டாகப் பிசின். "அதே மூடிக்கும்" என்றார் நங்கையா. படுத்தேன். தூங்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

9 மார்ச், ஞாயிறு

பத்து மணிக்குப் போனால் ஹம்மாக்கில் நங்கையா. கண்ணாடி நெஞ்சின் மேல், வாய் லேசாகத் திறந்து, நல்ல குறட்டை. எழுப்பவில்லை. கீழே கோணிப்பை விரித்து அவரை நோட்டம் விட்டபடி கடலை உரித்தேன். வேம்பு பூ விட ஆரம்பித்திருக்கிறது. ஒன்றிரண்டு அவர் தலையில் விழுந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எழுந்ததும், "சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றார். கிளம்பும்போது, "பெல்ட்டை இங்கயே வெச்சுட்டுப் போ. மரத்துல இல்ல, ரூமுக்குள்ள. வாராவாரம் வந்துரு."

11 மார்ச், செவ்வாய்

தோட்டத்தில் விட்டுவந்த பெல்ட்டுக்குப் பதில் புதுப் பெல்ட் வாங்கிக் கொடுக்க என் கணவர் கடைக்குப் போனேன். பழைய மோட்டார்களுக்கு அடியில் நீளமாக ஒரு அட்டைப்பெட்டி. பிரியாவின் பார்சல் இரண்டு பெட்டியாக வந்ததாம். இதில் இரும்புக் குழாயாக இருந்ததால் கடைச் சாமான் என்று போட்டுவிட்டாராம்.

ஹம்மாக் மாட்டும் ஸ்டாண்ட். மரம் தேவையில்லை என்று பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறது.