நான்கு பேர் ஆடிய இறுதி ஆட்டம்

அன்புள்ள அப்பா,

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த அன்றே, "இங்க நான் சார். அப்பாங்கிறதெல்லாம் வீட்டோட வச்சுக்கோ" என்றீர்கள். சரி என்றேன். பிறகு வீட்டிலும் நீங்கள் சாராகவே இருந்தீர்கள்.

போன வருடம் எல்லா ஆட்டங்களிலும் ஆடியவள், இந்த வருடம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்தேன். "கோச் பொண்ணு, இனிமே உன் ராஜ்ஜியம்தான்னு நினைச்சோம்டி. கடைசில துண்டுக்கு ராணியாயிட்டியே!" என்று பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். கல்லூரி முதல்வர் உங்கள் நேர்மையை மேடையில் புகழ்ந்தபோது கைகூடத் தட்டினேன்.

இறுதி ஆட்டத்தில் ஒவ்வொருத்தியாகக் காயத்தாலும் ஃபவுலாலும் வெளியேறினார்கள். ஐந்து பேர் ஆட வேண்டிய களத்தில் நான்கு பேர். பெஞ்சில் நான் மட்டும். லேஸை இறுக்கிக்கொண்டு எழுந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் நடுவரிடம் போனீர்கள். "அவளுக்கு முழங்கால் சரியில்ல. இவங்க நாலு பேரே ஆடட்டும்."

என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

தோற்றோம். திரும்பும்போது பேருந்தில் எல்லோரும், "ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மகளுக்குச் சலுகை தராதவர் என்ற பெயர் உங்களுக்குப் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அதுதான் கல்லூரியில் கடைசி ஆட்டம்.

இப்போது தோழியின் அறையில் இருக்கிறேன். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா கேட்பாள். நம் வீட்டு மாடி ஏற முடியாத அளவு முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

மகள்