பத்தில் வைத்த ஆம்ப்

அன்பு மனைவிக்கு,

 

என் கிட்டார் சத்தத்தால் தலை வலிக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், இப்போதுள்ள பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாகச் சின்ன ஆம்ப் ஒன்று வாங்கலாமென்று இன்று நம் யசோதினியோடு கண்டி டவுனுக்குப் போனேன். கடைக்காரர் அஸ்ஃபர் ஐந்து வாட் ஆம்ப் ஒன்றை எடுத்து வைத்தார்.

"வீட்டுல கன்ட்ரி, ராக்கபிலி பாட்டெல்லாம் வாசிக்க இது போதும் அண்ணே. சத்தத்த ரெண்டுக்கு மேல திருப்ப வேணாம்."

இரண்டில் வாசித்தேன். பன்வில மலைக்கு அப்பால் யாரோ வாசிப்பது போலிருந்தது. ஐந்துக்குத் திருப்பினேன். பிறகு பத்துக்கு. அப்போதுதான் எனக்குப் பிடித்த அந்தத் துள்ளல் வந்தது. சந்தோஷமாக நிமிர்ந்தேன்.

யசோதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அஸ்ஃபரின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவரே ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

மகள் என் முகத்தருகே வந்து கத்தினாள்: "அப்பா, ஒங்களுக்குக் காது கேக்கலையா?"

ஆம்ப் வாங்கவில்லை. நாளை காது டாக்டரிடம் போகிறோம்.

நீ குவைத்திலிருந்து பேசும்போது எனக்குப் பாதி விளங்குவதில்லை. லைன் சரியில்லை என்றே நினைத்து, "சரி, சரி" என்று சொல்லி வந்தேன். போன வெள்ளிக்கிழமை நீ ஏதோ கேட்டு அழுதாய். அதற்கும் சரி என்றேன். உடனே போனை வைத்தாய். அதன்பிறகு நீ எடுக்கவேயில்லை.

நான் எதற்குச் சரி என்றேன்? எழுதி அனுப்பு. ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்