வெள்ளிக்கிழமையில் மாசி மணம்

கொக்குவில்,
09.11.2025

அன்புள்ள நிவேதனாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். நீரும் நலமென்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறீர். வேறு சாட்சி இல்லாதபடியால் அதை நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். போனை எடுத்தால் ஆரபி மடியில் ஏறி இருந்துவிடுகிறாள். அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டு எப்படிக் கதைப்பது? இன்னொன்று, கடிதத்தில் நீர் இடையில் குறுக்கே விழ முடியாது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பரமலிங்கம் மாஸ்டர் மகளிடம் லண்டன் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நல்ல மனுஷன்தான், ஆனாலும் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் எனக்கு எழுதும்.

போன ஞாயிறு நீர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் புது வகுப்புத் தொடங்கும்போது பிள்ளையை வட்டுக்கோட்டையில் உம்முடைய அக்கா வீட்டில் விடுவோம், நீர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்று படிக்கட்டும் என்றீர். “அக்கா நேரத்துக்குச் சமைச்சுக் குடுப்பா, உங்களுக்கும் கரைச்சல் இல்லை” என்றீர். எனக்குக் கரைச்சல் என்று நான் எப்போது சொன்னேன்? ஆரபியும் போனால் இந்த வீட்டில் நானும் திருத்த வந்த தண்ணீர் மோட்டர்களும்தான் மிச்சம். நெருப்பில்லாமல் புகையாது. நான் பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கட்டுவதில்லை என்று யாரோ உமக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

பாடசாலையில் நிறை பார்த்து, ஆரபி நிறை குறைவு என்று சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டுக்குப் பேக்கரிப் பாண் வரவில்லை. பாண் வேண்டாம், ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டாம் என்று நீர்தான் சொன்னீர். கிறீஸ் பிரண்ட கையைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு இடியப்பம் பிழிந்தேன். குரக்கன் பிட்டும் பூசணிக்காய்க் கறியும் கட்டினேன். கரட் துருவிப் போட்டுத் தோசை, அவித்த கௌபிப் பயறு, முருங்கையிலை போட்ட ரொட்டி, ஒருநாள் உழுத்தம்மாக் களிகூட. களி பெட்டியோடு ஒட்டிப்போனது, அதை ஒத்துக்கொள்கிறேன். சந்தைக் கீரைக்கு என்ன மருந்து அடிக்கிறார்களோ என்று நம்பாமல் கிணற்றடியில் நானே கீரை போட்டிருக்கிறேன். அப்பிள் வாங்குவதில்லை. மாதக்கணக்கில் வாடாத பழத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லச் சொல்ல நீர் “ஓம்... ஓம்...” என்று இழுப்பீர். அந்த இழுவை எனக்குப் புதிது இல்லை. ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டு, வாய்க்காரியாகப் போகக்கூடாது என்று பேசாமல் இருக்கும்போதுதான் நீர் அப்படி இழுப்பீர். உம்முடைய மாமாவின் காணிக் கதைகளைக் கேட்கும்போதும் இதே இழுவைதான்.

இங்கே எனக்கும் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு இடியப்பத்தை வைத்துக்கொண்டு பொழுதுபடும்வரை இருக்கிற பிள்ளை, பாடசாலையிலிருந்து பெட்டியை வழித்துத் துடைத்துக் கொண்டுவருகிறாள். ஒரு பருக்கை இல்லை. பெற்ற தகப்பன் சந்தோஷப்பட வேண்டும். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “முழுக்கச் சாப்பிட்டனியோ?” என்று கேட்டால் தலையை ஆட்டுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்து என் கழுத்தைக் கட்டிப் பிடித்தபோது வாயில் மாசிக் கருவாடு மணந்தது. வெள்ளியில் எங்கள் வீட்டில் கருவாட்டுப் பையைக்கூட அவிழ்ப்பதில்லை. அப்படியென்றால் யாரோ பிள்ளைக்கு வெளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

முதலில் பாடசாலை வான் ஓட்டுகிற செபநாயகம் அண்ணையைத்தான் பிடித்தேன். வழியில் கடையில் நிறுத்தி மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுக்கிறாரோ என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். “தம்பி, நான் வேதக்காரன்தான், சேர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா உங்கடை வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாதோ? எத்தினை வருஷமாய் இந்தப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறன்!” என்று முகம் சிவந்துவிட்டார். அதற்குப் பிறகு படலையடியில் ஹோர்ன் அடிப்பதில்லை. பேசாமல் வந்து நிற்கிறார், நான்தான் எட்டி எட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அடுத்த சந்தேகம் உம்முடைய அக்கா மேல். கோபிக்காமல் வாசியும். கேதீஸ்வரி அக்காவைப் பாடசாலை ரோட்டில் இரண்டு தரம் கண்டேன். யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போகிற வழி என்றா. வட்டுக்கோட்டையிலிருந்து ரவுனுக்குப் போக இந்த ரோட்டில் என்ன வேலை? இடைவேளையில் வேலியால் சாப்பாடு கொடுத்துப் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கிறா, பிறகு நான் பட்டினி போடுகிறேன் என்று உமக்கு எழுதுகிறா என்று கணக்குப் போட்டேன். போன செவ்வாய் அவவுக்குப் போன் அடித்துக் கேட்டும்விட்டேன்.  அவ, “கஜானன், நான் ஏன் உளவு பாக்கவேணும்? அதுதான் ரீச்சர் ஒவ்வொரு நாளும் படம் போடுறாவே. நிவேதனா எனக்கு அனுப்புறவள். நீங்கள் காணேல்லையோ?” என்றா.

நான் எங்கே காண்பது? வகுப்பு ஆசிரியை இடைவேளையில் பிள்ளைகளைச் சாப்பாட்டோடு இருத்திப் படம் எடுத்து, தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் போடுகிறாவாம். உம்முடைய இலக்கம் இன்னும் அதில் இருக்கிறதாம். சமைக்கிறவனைத் தவிர எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். நிவேதனா, இது எனக்கு நோகிறது. நான் குரக்கன் பிட்டு என்று சொல்லும்போது நீர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டா ஓம் ஓம் என்றீர்? “இது என்னப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அக்கா எல்லாப் படங்களையும் எனக்கு அனுப்பினா. எதை எடுத்தாலும் ஆரபியின் மடியில் பாணும் சம்பலும். முதலில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். சிவப்புப் பெட்டி. நீர் வாங்கிக் கொடுத்த நீலப் பெட்டியின் மூடி எப்போதோ உடைந்துவிட்டது, நான் எவர்சில்வர் பெட்டி வாங்கினேன். நீர் கவலைப்படுவீர் என்று சொல்லவில்லை, அது என் பிழை. அந்த எவர்சில்வர் பெட்டி படத்தில் பக்கத்துப் பிள்ளையின் மடியில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு கன்னமும் உப்ப என் குரக்கன் பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நீரும் ஒருதரம் திரும்பப் பாரும்.

அந்தப் பிள்ளை டிலக்சியா. தாய் ஜெசிதா ஸ்ரேசன் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறா, ரவுனில் துணிக்கடையில் வேலை. வேண்டுமென்றுதான் என் பிள்ளையின் சாப்பாட்டைத் தட்டிப் பறிக்கிறார்களோ என்ற எண்ணத்தோடுதான் போனேன். நான் படத்தைக் காட்டினதும் அவவுக்கு முகம் வாடிப்போனது. “அண்ணை, நான் விடிய வெளிக்கிடுறனான். பாணும் சம்பலும்தான் கட்ட நேரம், அந்தக் குறூப்புப் படம் பாக்க எங்கை நேரம்? என்ரை பிள்ளை நல்லாய் உடம்பு வைக்குது எண்டு சந்தோசப்பட்டன், அது உங்கடை சமையலோ?” என்றா. கொண்டுபோன கோபத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆரபியைப் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். டிலக்சியா கேட்டுத்தான் கொடுத்தியோ என்றேன். இல்லையாம், இவள்தானாம் முதலில் கேட்டவள். அப்பாவின் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்றேன். பிடிக்குமாம். பிறகு ஏன் என்று கேட்க, நெடுநேரம் சட்டைத் தெறியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “அது அம்மான்ரை சம்பல் மாதிரி இருக்கும்” என்றாள்.

உமக்கு நினைவிருக்கும். பாமசியில் மருந்து விற்ற காலத்தில் மிளகாயைக் கறுக்கப் பொரித்து, மாசி கொஞ்சம் போட்டு இடித்து, பாணுக்குள் வைத்துக் கட்டிவிட்டு, “நாளைக்கு அம்மா நல்லதாய்ச் செய்து தாறன்” என்று பிள்ளையிடம் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்பீர். அந்தப் பாணைத்தான் பிள்ளை தேடுகிறது. நானும் அதற்குப் பிறகு இரண்டு தரம் இடித்துப் பார்த்தேன். ஒருவாய் வைத்துவிட்டு, “நல்லாயிருக்கப்பா” என்றாள். நீர் இழுக்கிற மாதிரியே இழுத்தாள்.

இப்போது சொல்லப்போவதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். கேதீஸ்வரி அக்காவின் கையும் உம்முடைய கையும் ஒன்றுதான், இருவரும் ஒரே அம்மியடியில் பழகினவர்கள். வட்டுக்கோட்டைக்குப் போனால் ஆரபிக்கு அந்தச் சம்பல் கிடைக்கும். நிறையும் கூடலாம். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டுத் திரிந்து கடைசியில் நான் கண்டுபிடித்தது எனக்கே எதிரான சாட்சி. மறைத்தால் பிறகு என்னை நானே நம்பமுடியாது. அக்காவிடமும் செபநாயகம் அண்ணையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அக்கா மன்னித்தது உண்மையோ தெரியாது, நீர் ஒருக்கால் கேட்டுப் பாரும்.

நேற்று பிள்ளையிடமே கேட்டேன். பெரியம்மா வீட்டில் நின்று படிக்க விருப்பமோ, அங்கே அம்மா செய்கிற மாதிரியே சம்பல் செய்வா என்றேன். கண் விரிந்தது, அதை நான் பார்த்தேன். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: “அப்ப விடியக் காலமை நீங்கள் ஆருக்குச் சாப்பாடு கட்டுவியள்?”

நான் பானையைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன். அவளுக்கு என்ன சொல்வது என்று நீரே யோசித்து எழுதும். தைக்கு முன்பு எழுதும். நீர் எதைச் சொன்னாலும் நான் கேட்பேன், ஆனால் அக்காவுக்குச் சொல்லமுதல் எனக்குச் சொல்லும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போம். நேரத்துக்குச் சாப்பிடும். என்ன சாப்பிட்டீர் என்று நான் கேட்டால் உண்மையைச் சொல்லும், உம்மைப் படம் பிடித்து அனுப்ப எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. நல்லூர்க் கந்தன் உம்மைப் பத்திரமாக வைத்திருந்து, வந்த வழியே திருப்பிக் கொண்டுவந்து விடட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய வரவை எண்ணியிருக்கும்
கஜானன்