ஜாவா புத்தகம் வாங்கிய விவரம்

மயிலாப்பூர்
9-8-1998

அன்பு மகள் ஈவ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா, அதை முதலில் எழுது.

மாதக் கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், கம்ப்யூட்டர் ஜாவாவுக்கு நல்ல புத்தகமாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். தி.நகர் கடையில் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஜாவா வந்துவிடும் என்று அட்டையிலேயே அடித்துச் சொல்கிறது ஒன்று. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான், என்னிடமா இந்தக் கதை? இன்னொன்று தலையணை தண்டி, பக்கத்துக்குப் பக்கம் 'ஈஸி' என்கிறது. உன் சித்திக்கு வரன் கொண்டுவந்த தரகரும் இப்படித்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை நல்ல பையன் என்றார், அவன் லட்சணம் கல்யாணத்துக்கு அப்புறம்தானே தெரிந்தது. இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

லஸ்ஸில் பழைய புத்தகம் விற்கும் ஷரஃபுதீன் பாயிடம் ஜாவா கேட்டேன், ஜாவா மோட்டார் சைக்கிள் ரிப்பேர் புத்தகத்தை நீட்டினார். நானும் புரட்டிவிட்டு, இவ்வளவுதானா, நானே சொல்லிக்கொடுத்திருப்பேனே என்று நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள். பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்றதும், "இன்னா நைனா, வண்டியா கம்ப்யூட்டரா, கரீட்டா சொல்றதில்ல?" என்று சிரித்து வேறு இரண்டை எடுத்துப் போட்டார். உள்ளே இருப்பது எனக்கு என்ன புரியும், அழுக்கைப் பார்த்தேன். ஒன்றில் முன்பக்கங்கள் மட்டும் கறுத்திருந்தன, மீதிப் பக்கமெல்லாம் புதுசு, படித்தவன் பாதியில் ஓடியிருக்கிறான். மற்றது கடைசி வரை அழுக்கு. டீக்கடையில் கிடந்த அழுக்கோ என்று அதையும் நம்பாமல் ஓரங்களைப் பார்த்தேன். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒரு பாடத்தின் முடிவில் 'அப்பாடா' என்று தமிழிலேயே போட்டிருக்கிறான். அதைத்தான் வாங்கினேன். வேலை கிடைத்தவன் விற்றதா கிடைக்காதவன் விற்றதா என்று உன் அம்மா கேட்கிறாள், சந்தேகத்தில் அவள் எனக்கும் மேலே.

பார்சல் கட்டும்போதுதான் உன் மேலேயே சந்தேகம் வந்தது. புனேயில் புத்தகக் கடையே இல்லையா? கம்ப்யூட்டரை டிவி என்று நினைக்கிற என்னிடமா இதைக் கேட்பாய்? பயமாக இருக்கிறது என்று எழுத வெட்கப்பட்டுப் புத்தகம் என்று எழுதினாயோ? அப்படியானால் இதையும் கேட்டுக்கொள். படி, எழுது. தேறாவிட்டால் ரயில் ஏறி வீட்டுக்கு வா. ஏன் வந்தாள் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், பொய் சொல்வதில் மட்டும் நான் முதல் வகுப்பு.

ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பார். மழையில் குடை எடுத்துப் போ, ஞாயிறு பூசையை விடாதே.

உன் அப்பா,
மரியதாஸ்